சைனஸும் கிடையாது, சுண்டைக்காயும் கிடையாது

போன மாசம் கும்பகோணத்துல ஒரு கல்யாணம். மண்டபத்து மாடி ரூம்ல ஆம்பளைங்க ஏழெட்டு பேருக்கு வரிசையா ஜமக்காளம் விரிச்சுப் போட்டிருந்தாங்க. விளக்கை அணைச்சு அரை மணி நேரம் இருக்கும். பக்கத்துல படுத்திருந்த மாப்பிள்ளை (என் அக்கா பொண்ணோட வீட்டுக்காரர்) மெதுவா எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்கு அடியில கையை விட்டுத் துழாவினார். மூடி திறக்கற சத்தம். தலையை அண்ணாந்தார். அப்புறம் ரெண்டு தடவை 'ஸ்ர்ர்ர்... ஸ்ர்ர்ர்'. திருப்பிப் படுத்துட்டார்.

இருட்டுல முகம் தெரியலை. ஆனா அந்த சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். மூணு வருஷம் என் தலையணைக்கு அடியிலிருந்து வந்த சத்தமாச்சே!

காலையில காபி குடிக்கறப்ப மெதுவா ஆரம்பிச்சேன். "மாப்பிள்ளை, எத்தனை நாளா விட்டுக்கறீங்க?"

"எதை மாமா?"

"மூக்குக்கு சொட்டு மருந்து."

கொஞ்சம் கூச்சப்பட்டார். "அதுவா... ரெண்டு வருஷமா மாமா. எனக்கு சைனஸ். படுத்தா மூக்கு அடைச்சுக்கும்."

வந்துச்சே பாருங்க கோபம். மாப்பிள்ளை மேல இல்லை. அந்த 'சைனஸ்'ங்கற வார்த்தை மேல. அங்கயே கத்தியிருப்பேன். மாப்பிள்ளைகிட்ட கத்தினா அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. அதனால இங்க வந்து கொட்டறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு விஷயம். சைனஸ் எல்லாருக்கும் இருக்குங்க. ஒண்ணு ரெண்டு இல்லை, நாலு ஜோடி. நெத்தியில, கன்னத்துக்குப் பின்னாடி, கண்ணுக்கு நடுவுல, இன்னும் உள்ள தள்ளி மண்டையோட்டுக்கு அடியில. காத்து நிரம்பின சின்னச் சின்ன அறைங்க. "எனக்கு சைனஸ்"னு சொல்றது "எனக்கு முழங்கை"ன்னு சொல்ற மாதிரி. அந்த அறைங்களோட சவ்வு வீங்கி வழி அடைச்சுக்கிட்டா அதுக்குப் பேர் சைனசைட்டிஸ். முகம் கனக்கும், அழுத்தினா வலிக்கும், கெட்டியா சளி வரும், வாசனை தெரியாது. படுத்தா மட்டும் அடைச்சு, எழுந்து ரெண்டு நடை நடந்தா திறந்துக்கற மூக்குக்கும் அதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. ஆனா நம்ம ஊர்ல தும்மினா சைனஸ், தலைவலிச்சா சைனஸ், குறட்டை விட்டா சைனஸ். பேர் வச்சாச்சுன்னா அதுக்கப்புறம் யாரும் ஏன்னு கேக்கறதில்லை. என் கோபமே அதுதான்.

பின்ன படுத்தா எதுக்கு அடைக்குது?

சளி அடைக்குதுன்னு நினைச்சு சிந்திச் சிந்திப் பாக்கறோம். ஒரு சொட்டு வராது. வராது, ஏன்னா அங்க அடைச்சுக்கிட்டு நிக்கறது சளி இல்லை, ரத்தம்! மூக்குக்குள்ள ரெண்டு பக்கச் சுவர்லயும் மூணு மூணு மடிப்பு இருக்கு. டர்பினேட்னு சொல்றாங்க. கீழ இருக்கறதுதான் இருக்கறதுலயே பெருசு. அதோட சவ்வுக்குள்ள பூராவும் ஸ்பாஞ்ச் மாதிரி ரத்தக்குழாய்ங்க. நாம இழுக்கற காத்தை சூடாக்கி ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்பறதுக்காக வச்ச ஏற்பாடு. நிக்கறப்ப தலை இதயத்துக்கு மேல இருக்கு, ரத்தம் தானா கீழ வடிஞ்சுடுது. படுத்தா அந்த சௌகரியம் போச்சு. ஸ்பாஞ்ச் ஊறிப் போய் வழியை அடைச்சுக்கும். அவ்வளவுதான் சங்கதி.

இது மட்டும் இல்லை. ரத்தக்குழாய்ங்களை இறுக்கிப் பிடிச்சிருக்கற நரம்பு வேலையும் படுக்கறப்ப தளர்ந்துடுது. உடம்பு தானே சுரக்கற கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன், வீக்கத்தை அடக்கி வைக்கறது அதுதான். அது ரொம்பக் குறைவா இருக்கறது நடுராத்திரியை ஒட்டித்தான். ஆக, பகல் பூரா அரைகுறையா சமாளிச்சுக்கிட்டிருந்த மூக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு கையை விரிச்சுடுது.

இன்னொரு வேடிக்கை. உங்க ரெண்டு மூக்கும் ஒரே நேரத்துல சமமா வேலை செய்யறதே கிடையாது. ஒண்ணு கொஞ்சம் வீங்கி ஓய்வெடுக்கும், இன்னொண்ணு திறந்திருக்கும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை முறை மாத்திக்கும். 1895-ல கைசர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வச்சார். நம்மூர்ல சரம் பார்க்கறவங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே இதைத்தான் சூரியகலை, சந்திரகலைன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. ஒருக்களிச்சுப் படுத்தா கீழ இருக்கற பக்கம் அடைச்சு மேல் பக்கம் திறக்கும். இதுல பாதி ரத்தம் இறங்கறதால, பாதி அக்குள் பக்கம் அழுத்தம் விழறதால. சாமியார் படங்கள்ல கையை ஊன்றி உட்கார்ந்திருக்க ஒரு கட்டை இருக்குமே, யோகதண்டம், அது அக்குள்ல வச்சு அழுத்தி மூக்கை மாத்தறதுக்குத்தான். கை வலிக்குதுன்னு வச்சிருக்காங்கன்னு நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன் :-)

சரி, படுத்தா எல்லாருக்கும் கொஞ்சம் அடைக்கத்தான் செய்யும். அது தூக்கத்தைக் கெடுக்கற அளவுக்குப் போறது ஏற்கெனவே சவ்வு வீங்கிக் கிடக்கறவங்களுக்கு. ஏன் வீங்கிக் கிடக்குங்கறதுதான் கேட்கவேண்டிய கேள்வி. சிலருக்கு மூக்குத் தண்டு வளைவு. (வளைவு இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவங்க ஏகப்பட்ட பேர், ஸ்கேன்ல தெரிஞ்சதாலயே கத்தியைத் தூக்கணும்னு இல்லை.) சிலருக்கு கர்ப்பம், சிலருக்கு தைராய்டு, சிலருக்கு சாப்பிடற ஏதோ பிரஷர் மாத்திரை, சிலருக்கு நெஞ்செரிச்சல். ஆனா நிறைய பேருக்குக் காரணம் கன்னத்துக்குக் கீழயே இருக்கு. தலையணை!

தூசுப் பூச்சின்னு ஒண்ணு. கண்ணுக்குத் தெரியாது. நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோலைத் தின்னுட்டு மெத்தையிலும் தலையணையிலும் குடும்பம் நடத்துது. அதோட கழிவுதான் அலர்ஜியைக் கிளப்பறது. ஈரப்பதம் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். சென்னையில ஈரப்பதத்துக்கா பஞ்சம்? எங்க வீட்ல கல்யாண சீரா வந்த இலவம்பஞ்சு தலையணை பதிமூணு வருஷம் இருந்துச்சு. உறை மாத்தினோம், தலையணையை மாத்தலை. "நல்ல பஞ்சு, இந்தக் காலத்துல கிடைக்காது"ன்னு அம்மா வேற. பதிமூணு வருஷ சந்ததி மேல முகத்தை வச்சுப் படுத்துக்கிட்டு மூக்கு அடைக்குதுன்னு மூக்கைத் திட்டினேன்.

இப்ப என் கதைக்கு வர்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2011 நவம்பர், நல்ல மழை. ஜலதோஷம். ராத்திரி தூங்க முடியலைன்னு தெருமுனை மருந்துக் கடையில சொன்னேன். "இதை விடுங்க சார், சும்மா சல்லுன்னு திறக்கும்"னு ஒரு குட்டி பாட்டில் கொடுத்தாங்க. ஆக்சிமெட்டசோலின். சீட்டு கேக்கலை, எத்தனை நாள்னு சொல்லலை, நானும் கேக்கலை. நிஜமாவே சல்லுன்னு திறந்துச்சு. அந்த மாதிரி ஒரு சுகத்தை நான் அனுபவிச்சதே இல்லை. ஜலதோஷம் ஒரு வாரத்துல போயிடுச்சு. பாட்டில் போகலை.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. மேல சொன்னேனே ஸ்பாஞ்ச், அந்த ரத்தக்குழாய்ங்களை மருந்து புடிச்சு இறுக்குது. வீக்கம் வடியுது. சில மணி நேரம் கழிச்சு மருந்தோட பிடி விடறப்ப, குழாய்ங்க முன்னை விட அதிகமா விரியுது. அஞ்சாறு நாள் தொடர்ந்து விட்டீங்கன்னா மூக்கு மருந்துக்குப் பழகிப் போய், மருந்து இல்லாம திறக்கறதையே மறந்துடுது. அடைக்குதுன்னு விடறோம். விடறதாலதான் அடைக்குது. இதுக்கு ரைனைட்டிஸ் மெடிகமெண்டோசான்னு வாயில நுழையாத பேர் ஒண்ணு இருக்கு. தமிழ்ல சொன்னா மருந்தால வந்த மூக்கடைப்பு. சைலோமெட்டசோலினும் இதே குடும்பம்தான், பேரைப் பாத்து வேறன்னு நினைச்சு மாத்திக்காதீங்க. மூணு நாளுக்கு மேல, மிஞ்சிப் போனா அஞ்சு நாளுக்கு மேல வேணாம்னு டாக்டருங்க தலை தலையா அடிச்சுக்கறது இதுக்குத்தான். பாட்டில் சீட்டுலயும் நாள் கணக்கு ஏதோ போட்டுத்தான் இருக்கும். எறும்பு படிக்கற சைஸ்ல!

நான் மூணு வருஷம் விட்டேன். ஆபீஸ் டிராயர்ல ஒண்ணு, பைக் பெட்டியில ஒண்ணு, தலையணைக்கு அடியில ஒண்ணு. ஒரு தடவை கோயம்புத்தூர் போக ராத்திரி ரயில். அரக்கோணம் தாண்டினதும் பையைத் துழாவறேன், பாட்டில் இல்லை. திக்குனு ஆயிடுச்சு. படுத்தா மூச்சு முட்டுது. கடைசியில கோயம்புத்தூர் வரைக்கும் கதவோரம் நின்னுக்கிட்டே போனேன். நின்னா மூக்கு கொஞ்சம் திறந்துச்சு. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். காலையில இறங்கினதும் முதல் வேலையா மருந்துக் கடை எங்கன்னு ஆட்டோக்காரர்கிட்ட கேட்டேன்.

புத்தி வந்தது 2014-ல, வேற மாதிரி.

பொண்ணுக்கு அப்ப எட்டு மாசம். ஜலதோஷம். பால் குடிக்க வாய் வச்சா மூச்சு விட முடியலை, விட்டுட்டு அழறா. படுக்கப் போட்டா இன்னும் மோசம். ராத்திரி ரெண்டு மணி. எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் தலையணைக்கு அடியில இருக்கு. எடுத்தேன். குழந்தையை மடியில போட்டு தலையை லேசா சாய்ச்சுட்டேன். மூடியைத் திறந்தாச்சு. தங்கமணி கையைப் புடிச்சா.

"என்னங்க, எத்தனை வயசுக் குழந்தைக்குன்னு அதுல போட்டிருக்கா?"

"ஒரு சொட்டுதானே, என்ன ஆயிடப் போகுது?"

"காலையில டாக்டரைக் கேட்டுட்டு விடலாம். இப்ப வேணாம்." பாட்டிலைப் புடுங்கிக்கிட்டுப் போயிட்டா. விடிய விடிய தோள்ல நிமிர்த்திப் போட்டுக்கிட்டு மாறி மாறி நடந்தோம். நிமிர்த்தி வச்சா அவளுக்கும் மூச்சு வந்துச்சு.

காலையில குழந்தை டாக்டர்கிட்ட நானே சொன்னேன், இதை விடலாம்னு பாத்தோம்னு. அவர் பாட்டிலை வாங்கிப் பாத்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார். இது பெரியவங்க அளவு. கைக்குழந்தைக்கு மூக்கு வழியா உள்ள போனா ரத்தத்துல கலந்து, குழந்தை மயக்கமா ஆகலாம், இதயத்துடிப்பு குறையலாம், மூச்சு மந்தமாகலாம். குழந்தைங்களுக்குன்னு குறைஞ்ச அளவுல வேற உண்டு, அதையும் டாக்டர் சொல்லாம விடக்கூடாது. உப்புத் தண்ணி சொட்டு போதும்னு எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. 2012 அக்டோபர்லயே இதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்காங்க, சின்னப் பசங்க இந்த வகை மூக்கு மருந்தையும் கண் மருந்தையும் தவறிக் குடிச்சுட்டா ஒண்ணு ரெண்டு மில்லியே ஆபத்துன்னு. இதெல்லாம் நான் அப்புறமா தேடிப் படிச்சது. அந்த பாட்டில் பொண்ணு தவழற கட்டில் ஓரத்துல அத்தனை நாளும் கிடந்துச்சுங்கறது அப்பதான் உறைச்சது. வீட்டுக்கு வந்து நான் தங்கமணி முகத்தைப் பாக்கலை.

அதுக்கப்புறம்தான் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி "சொட்டு விடறீங்களா?". ரெண்டாவது "தலையணை எத்தனை வருஷம்?". ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதினார். நான் உடனே பின்வாங்கினேன். ஐயோ ஸ்டீராய்டா! மூணு வருஷம் சொட்டு மருந்தை தண்ணி மாதிரி விட்டவன் கேக்கற கேள்வியைப் பாருங்க. நம்ம ஜனங்க எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கு. ஆபத்தில்லாததைப் பாத்து பயம், ஆபத்தை தலையணைக்கு அடியில வச்சுத் தூக்கம். மூக்குல அடிக்கற ஸ்டீராய்டு பெரும்பாலும் மூக்கோடயே நின்னுடுது, உடம்புக்குள்ள போறது ரொம்பக் கொஞ்சம். ஆனா அது சல்லுன்னு திறக்காது. முழுப் பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம்கூட ஆகும். தினம் விடாம அடிக்கணும், நடுத் தண்டைப் பாத்து அடிக்காம வெளிப்பக்கச் சுவரைப் பாத்து அடிக்கணும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தர்றதில்லை. ரெண்டு நாள் அடிச்சுட்டு 'ஒண்ணும் கேக்கலை'ன்னு திருப்பி சொட்டுக்கே போயிடறாங்க.

அவர் சொன்ன வழி இது. ஒரு மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்து, இன்னொண்ணுக்கு விட்டுக்கோ. நிறுத்தின பக்கம் தானா திறந்ததும் அடுத்ததை நிறுத்து. முதல் நாலஞ்சு ராத்திரி நரகம்தான், பொய் சொல்லமாட்டேன். தலைப்பக்கம் கட்டில் காலுக்கு செங்கல் வச்சு உயர்த்தி, திறந்திருக்கற மூக்கு மேல வர்ற மாதிரி ஒருக்களிச்சுப் படுத்தேன். தலையணை குப்பைக்குப் போச்சு. விரிப்பும் உறையும் வாரம் ஒரு தடவை கொதிக்கற சூட்டுத் தண்ணியில. மூணாவது வாரம் ஒரு நாள் விடிகாலையில முழிச்சுப் பாத்தா வாய் மூடியிருக்கு. மூக்கால மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன். அழுகையே வந்துடுச்சு.

'அப்ப மாத்திரை போட்டுக்கறேன்'னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. ஜலதோஷ மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, நிறையவற்றுல ஃபினைலெஃப்ரின்னு இருக்கும். வாய் வழியா சாப்பிட்டா அது மூக்கடைப்புக்கு வேலையே செய்யலைன்னு 2023 செப்டம்பர்ல எஃப்.டி.ஏ.வோட நிபுணர் குழு ஒருமனதா சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல அதைப் பட்டியல்லேர்ந்து எடுக்கலாம்னு எஃப்.டி.ஏ.வே முன்மொழிஞ்சது. குளோர்ஃபெனிரமைனும் அதுவும் சேர்ந்த மருந்தை நாலு வயசுக்குக் கீழ கொடுக்கக்கூடாதுன்னு அட்டையில போடச் சொல்லி 2023 டிசம்பர்ல நம்ம இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே உத்தரவு போட்டார். தைலம் தடவினா திறக்குதேன்னு கேப்பீங்க. திறக்கலைங்க, திறந்த மாதிரி இருக்கு. மெந்தால் குளிர்ச்சியை உணர்ற நரம்பை உசுப்பி விடுது. காத்து போற வழி அதே அளவுதான். (குளிர்ச்சி, சூடு உணர்ற சமாச்சாரத்துக்கு 2021-ல நோபல் பரிசே கொடுத்தாங்க, ஜூலியஸுக்கும் படபூட்டியனுக்கும்.) பெரியவங்க தூங்கறதுக்கு அது உதவினா நல்லதுதான், குழந்தை மூக்குக்குள்ள மட்டும் தடவாதீங்க.

ஜலநேதி பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல பழக்கம். ஆனா குழாய்த் தண்ணி கூடவே கூடாது. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணிதான். 2011-ல அமெரிக்காவுல லூசியானாவுல குழாய்த் தண்ணியால மூக்கைக் கழுவின ரெண்டு பேர் மூளை தின்னும் அமீபாவால செத்துப் போனாங்க.

சொட்டு மருந்தே விஷம்னு நான் சொல்ல வரலை. கடுமையான ஜலதோஷத்துல ரெண்டு மூணு நாள், விமானம் இறங்கறப்ப காது வலிக்கறவங்களுக்கு ஒரு தடவை, டாக்டர் சொல்லி விட்டுக்கட்டும். என் சண்டை அதை நாள் கணக்கு சொல்லாம நீட்டற கையோடயும், கேக்காம வாங்கற கையோடயும்தான். ரெண்டாவது கை என்னோடது. இன்னொரு பக்கம், ஒரே மூக்கு மட்டும் எப்பவும் அடைச்சிருக்கு, ரத்தம் வருது, வாசனை போச்சுன்னா 'படுத்தா இப்படித்தான் ஆகும்'னு நான் சொன்னதை வச்சு சும்மா இருந்துடாதீங்க. போய்க் காட்டுங்க.

இதையெல்லாம் மண்டபத்துல மாப்பிள்ளைகிட்ட சொன்னேனா? பாதி சொன்னேன். "தயிர்சாதம் சாப்பிடறதாலதான் சளி"ன்னு நடுவுல யாரோ வந்து ஆரம்பிச்சாங்க, பேச்சு அங்க போயிடுச்சு. ஊருக்கு வந்து போன் பண்ணி மீதியைச் சொன்னேன். அங்கயே ஒரு டாக்டரைப் பாத்துட்டு இடது மூக்குக்கு நிறுத்தியிருக்கார். நேத்து ராத்திரி பதினொண்ணரைக்குக் கூப்பிட்டார். "மாமா, ஆறாவது நாள். இடது பக்கம் லேசா காத்து போகுது மாமா. நிஜமாத்தானா இல்லை பிரமையா?"

"வலது பக்கம் விரலை வச்சு மூடிப் பாருங்க மாப்பிள்ளை"ன்னேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நீளமான மூச்சு கேட்டுச்சு.

பி.கு.: பாட்டிலைத் தூக்கிப் போடறவங்க மருந்தை வாஷ்பேசின்ல கொட்டாம, மூடியை இறுக்கி பழைய பேப்பர்ல சுத்தி, குழந்தைங்க கைக்கு எட்டாத மாதிரி குப்பைக்கு அனுப்புங்க. எங்க வீட்ல கடைசி பாட்டில் போன வருஷம் பைக் பெட்டியைக் கழுவறப்ப கிடைச்சது. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. பாத்தா, அவ்வளவுதான்.